பிலோமினா சொன்ன சாட்சி

செத்துப்போன பெண்டாட்டியோடு பேசுவதற்குக் கேளிக்கை வரி கட்ட வேண்டிய காலம் வரும் என்று சந்தியாகுவின் கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருந்தால், பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள். பிலோமினாதான் முதலில் சிரித்திருப்பாள். அவளுக்குச் சிரிக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். அந்தக் காலம் வந்து, ஜனங்களுக்குப் பழகியும் போய்விட்டது. இப்போது திருச்சி புத்தூரில் ஒரு வாடகை வீட்டு முன்னறையில், தினமும் காலை எட்டு மணிக்கு, முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு சந்தியாகு ஒரு சின்னப் பெட்டியின் முன்னால் உட்காருகிறார். பத்து நிமிடம் பேசுகிறார். பத்து நிமிடத்துக்கும் வரி ஓடுகிறது.

குரல் என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். ஒருவர் நாற்பது ஐம்பது வருடம் தொலைபேசியில் பேசியது, அனுப்பிய செய்திகள், விளக்கை அணை, பாட்டைப் போடு என்று வீட்டுக் கருவிகளை விரட்டியது எல்லாவற்றையும் திரட்டி, அவரைப்போலவே பேசுகிற ஒன்றைச் செய்து தருவார்கள். முகம் கிடையாது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காமலும் சொல்லும், நேற்றுப் பேசியதை இன்று ஞாபகம் வைத்திருக்கும். அது பிலோமினாவா இல்லையா என்று சந்தியாகு ஒருநாளும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. பெட்டியை முதன்முதலாகத் திறந்த அன்று அது, "ஏங்க, மூணு நாளா அந்த நீலச் சட்டையவே போட்டிருக்கீங்கதானே?" என்று கேட்டது. போட்டிருந்தார். அவருக்கு அது போதும்.

வரிதான் கொடுமை. சினிமா, நாடகம், சர்க்கஸ், பொருட்காட்சி, குதிரைப் பந்தயம், பொழுதுபோக்குப் பூங்கா என்று ஆறு இனங்கள் இருந்த பழைய கேளிக்கைப் பட்டியலில் குரலை ஏழாவது இனமாகச் சேர்த்திருந்தார்கள். கேளிக்கை என்றால் தலைக்கு ஒரு சீட்டு. அம்மாவின் குரலைக் கேட்க ஐந்து பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்து சீட்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இலவசம். விசேஷ நாட்களில் சிறப்புக் காட்சிக் கட்டணம். அம்மா இறந்த தேதியும் விசேஷ நாள்தானா என்று ஒருவர் வழக்குப் போட்டார். ஆமாம் என்று தீர்ப்பு வந்தது. அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பெட்டியில் பொருத்தியிருக்கும் மானி தானே எண்ணிக்கொள்ளும். அண்ணன் உள்ளே அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்க, தங்கை தன் முறைக்காக வாசலில் நிற்கும் காட்சியைப் புத்தூரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

இருபத்தேழு வருடமாக ஜனங்கள் இதை மாற்றச் சொல்லிக் கத்துகிறார்கள். எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் எல்லோரும் மாற்றுவோம் என்றார்கள். ஆட்சிக்கு வந்து, அரசாங்க வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு செத்தவர்கள் பேசுவதால் வருகிறது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். ஐந்து குழுக்கள் வந்து போயின. எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். ஏழாம் இனம் என்பது நிபுணர்கள் ஆழ்ந்து ஆராய்ந்து எடுத்த முடிவு, அவசரப்பட்டு மாற்ற இயலாது. இந்தப் பதிலைப் பேப்பரில் படிக்கிற போதெல்லாம் சந்தியாகுவுக்கு உடம்பு கூசும்.

ஏனென்றால் அந்த நிபுணர்கள் மொத்தம் மூன்று பேர். இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் சந்தியாகு. ஆழ்ந்து ஆராய்ந்த காலம், ஒரு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து நாலரை வரை.

மார்ச் மாதத்தில் வரி அலுவலகத்துக்காரனுக்குப் பெண்டாட்டி பிள்ளை பெயர்கூட மறந்துபோகும். அன்று மேசையில் இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். அதில் ஒன்று, புதிதாக வந்திருக்கும் குரலை எந்த இனத்தில் வைப்பது என்பது. நிறுவனத்து ஆள் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். மாதிரிக்கு ஒரு தாயின் குரலையோ பிள்ளையின் குரலையோ கொண்டுவந்திருக்கலாம். அதற்குக் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும், அலைச்சல். அதனால் காலமாகிப்போன நாடக நகைச்சுவை நடிகர் பஞ்சநதத்தின் குரலைக் கொண்டுவந்துவிட்டான். பஞ்சநதம் மேலதிகாரியின் கனைப்பைக் கேட்டுவிட்டு, இது தலையில் முடி இல்லாதவர் கனைக்கிற கனைப்பு என்று ஆரம்பித்தார். மேலதிகாரிக்கு நிஜமாகவே வழுக்கை. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. இது கேளிக்கை இல்லையென்றால் வேறு எதுதான் கேளிக்கை என்று மேலதிகாரி கேட்டார். சந்தியாகு கையைத் துடைத்துக்கொண்டு, இனம் ஏழு என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் அவரும் பிலோமினாவும் காவிரிப் பாலத்துக்குப் போனார்கள். அந்த நாட்களில் வாரத்தில் ஒருநாளாவது போவார்கள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, வேகவைத்த கடலைப் பொட்டலம் ஒன்றை இரண்டு பேருக்குமாக வாங்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். பிலோமினா அலுவலகக் கதையைக் கேட்பாள். அவர் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி, எதற்கு விலக்கு என்று சொல்லச் சொல்ல, அவள் கடலையை உரித்து அவர் கையிலும் தன் வாயிலும் மாற்றி மாற்றிப் போடுவாள். ஆற்றில் தண்ணீர் இருந்த வருடங்கள் அவை. காற்றில் அவள் முந்தானை அவர் முகத்தில் வந்து விழும். இவ்வளவு இன்பத்துக்கு யாரும் வரி போடவில்லையே என்று இப்போது நினைத்துக்கொள்கிறார்.

பஞ்சநதம் கதையைக் கேட்டு அன்று அவள் சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "ஏங்க, நாளைக்கு எங்கம்மா செத்து, அந்தப் பெட்டியிலேருந்து எங்கிட்டப் பேசுனா, அதுவும் சர்க்கஸும் ஒண்ணா?" என்று கேட்டாள். சந்தியாகுவுக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை போய் மாற்றிவிடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை வேறு கோப்புகள் வந்தன. அப்புறம் மாற்றலாம் என்றால், முதலில் ஏன் அப்படி எழுதினாய் என்று கேள்வி வரும். கேள்விக்குப் பயந்து சும்மா இருந்தார். அரசாங்கம் இருபத்தேழு வருடமாகச் சும்மா இருப்பதற்கும் காரணம் இதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்போது கணக்கு இப்படி நின்றது. பிலோமினாவின் குரலுக்காக அவர் கையிருப்பையெல்லாம் கரைத்து, மண்ணச்சநல்லூரில் வாங்கிப்போட்டிருந்த மனையையும் விற்று, மொத்தமாக நிமிடங்கள் வாங்கியிருந்தார். மீதி ஆயிரத்து இருநூறு. நாளைக்குப் பத்து நிமிடம் என்றால் நான்கு மாதம் வரும். அதற்குப் பிறகு விற்க எதுவும் இல்லை. ஓய்வூதியம் சோற்றுக்கும் மாத்திரைக்கும்தான். கணக்கில் நிமிடம் தீர்ந்து முப்பது நாள் ஆனால் குரலை அழித்துவிடுவார்கள், திரும்ப எடுக்க முடியாது.

இந்த நிலைமையில்தான் மெஹருன்னிசா ஒரு மனுவில் கையெழுத்து வாங்க வந்தார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர், குரல்தாரர் சங்கத்தின் தலைவி. அவருக்குச் சொந்தமாகக் குரல் எதுவும் கிடையாது. பத்தொன்பது வயதில் விபத்தில் போன மகன் ஆசிப்பின் குரலை ஆறு வருடம் வைத்திருந்தார். கட்ட முடியாமல் போய், இரண்டு வருடத்துக்கு முன்னால் அழித்துவிட்டார்கள். அதன் பிறகும் சங்கத்தை விடவில்லை. ஆறாவது குழு வந்திருக்கிறது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைவர், இந்த முறை திருச்சியிலேயே சாட்சிகளை விசாரிக்கிறார்கள் என்று சொல்லி மனுவை நீட்டினார். சந்தியாகு பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட முடியவில்லை. எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டார்.

மெஹருன்னிசா கத்தவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ரொம்ப சிரிச்சீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. ரொம்ப."

"எம்புள்ள கடைசியா என்ன சொன்னான் தெரியுமா? அம்மா, நான் நாளைக்கும் இருப்பேனான்னு கேட்டான். இருப்படான்னு சொன்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்கமேல கோவப்பட எனக்குத் தெம்பு இல்ல. இதையே அந்தக் குழுவுல வந்து சொல்லுங்க. ஆழ்ந்து ஆராஞ்சதோட லட்சணத்த அவங்களும் கேக்கட்டும்."

அதில்தான் சிக்கல். பதவியில் இருந்தபோது பார்த்த கோப்புகளைப் பற்றி ஓய்வுபெற்ற அதிகாரி வெளியில் பேசினால் ஓய்வூதியம் நிற்கும். பேசினாலும் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பதிவிலிருந்தே நீக்கிவிடுவார்கள். மூலக் கோப்பு எப்போதோ கூழாகிவிட்டது. அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே கேட்ட ஆள் ஒருத்திதான். பாலத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் பிலோமினா தன் அக்காவுக்குத் தொலைபேசியில் அத்தனையையும் சொல்லிச் சிரித்து, கடைசியில் புருஷனைத் திட்டியும் வைத்தாள். அந்தப் பேச்சும் அவள் குரலுக்குள் போயிருந்தது. அவள் அரசு அதிகாரி இல்லை. குரல் சாட்சி சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

சொல்லலாம், ஆனால் வரி உண்டு என்று குழுவின் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சட்டம் மாறும்வரை சட்டம் சட்டம்தான். விசாரணை அறையில் நாற்பது பேர் இருப்பார்கள். அவள் ஒரு நிமிடம் பேசினால் நாற்பது நிமிடம் போகும். ஒரு சாட்சிக்கு ஒதுக்கும் முப்பது நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறும் தீர்ந்துவிடும். ஒருவர் நிமிடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கவும் வழியில்லை. சினிமாச் சீட்டு விதிப்படி அது கைமாற்றக் கூடாதது.

மறுநாள் காலைப் பத்து நிமிடத்தில் சந்தியாகு இதை அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தான் போகப் போவதில்லை என்றும் சொன்னார். நான்கு மாதம் அவளோடு இருந்துவிட்டால் போதும், நாட்டைத் திருத்த வேறு ஆள் வரட்டும் என்றார். அழுகையை அவர் மறைக்கவில்லை.

பிலோமினா கேட்டுக்கொண்டிருந்தாள். "நாலு மாசம் கழிச்சு?"

"அப்புறம் என்ன, நானும் போயிடறேன்."

"அது உங்க கையில இருக்கற மாதிரி பேசாதீங்க. உங்க அப்பா தொண்ணூத்தி மூணு வயசு வரைக்கும் இருந்தாரு. ஏங்க, அன்னைக்கு நீங்க மாத்தியிருந்தீங்கன்னா அந்தம்மா புள்ள இன்னும் அவங்ககிட்டப் பேசிக்கிட்டிருப்பான். எனக்கு அது தெரிஞ்சு இந்தப் பெட்டிக்குள்ள சும்மா இருக்க முடியல. என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. முப்பது நிமிஷமும் எனக்கு வேணும், ஒண்ணு குறையக் கூடாது."

முப்பதும் எதற்கு, பத்தில் முடித்துக்கொண்டால் மிச்சம் எண்ணூறு இருக்குமே என்று கெஞ்சினார். முடியாது என்றாள். உயிரோடு இருந்தபோதும் அவள் முடியாது என்று சொன்ன எதையும் அவர் மாற்றியதில்லை.

விசாரணை அன்று அறை நிரம்பியிருந்தது. சரியாக நாற்பது தலை, சந்தியாகுவையும் சேர்த்து. பெட்டியைச் சாட்சிக் கூண்டில் ஒரு முக்காலி போட்டு வைத்தார்கள். சந்தியாகு வாயைத் திறந்தால் அலுவல் ரகசியத்தை மீறியதாக எடுத்துக்கொள்ளப்படும் என்று முன்கூட்டியே எச்சரித்து, முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் கண் மானியை விட்டு அகலவில்லை.

பிலோமினா பிரமாதமாகச் சொன்னாள். இருநூற்றுப் பதினான்கு கோப்பு, பஞ்சநதம், வழுக்கை, பஜ்ஜி எல்லாம் வரிசையாக வந்தன. என் வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் திங்கட்கிழமைக்காரர், எதையும் திங்கட்கிழமை செய்கிறேன் என்பார் என்றாள். அறை சிரித்தது. அரசு வழக்கறிஞர் எழுந்து, சாட்சி முதலில் தான் ஒரு நபரா அல்லது பதிவா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று கேட்டார்.

"அத நீங்கதான் சொல்லணும் தம்பி," என்றாள் பிலோமினா. "ஆளுன்னா, ஆளு பேசறதுக்கு எதுக்கு டிக்கெட்டு? பதிவுன்னா, பதிவுகிட்ட நின்னு எதுக்குக் கேள்வி கேக்கறீங்க?"

நீதிபதியே சிரித்துவிட்டார். மெஹருன்னிசா மட்டும் சிரிக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்தது. சந்தியாகு பெருமூச்சு விட்டார். எழுநூற்று இருபது நிமிடம் மிச்சம். பெட்டியை எடுக்க எழுந்தவரை அவள் குரல் உட்கார வைத்தது. எனக்கு முப்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், மீதியை நான் என் வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்கிறேன், அதுவும் பதிவில் ஏற வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டுக்கொண்டாள். நீதிபதி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒதுக்கிய நேரத்தில் சாட்சி என்ன பேச வேண்டும் என்று அதில் இல்லை. சரி என்றார்.

அவள் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாச்சா என்பது. அறை குலுங்கிச் சிரித்தது. சந்தியாகு வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவள் சும்மா இருந்தாள். பிறகு மாத்திரை, மழைக்கால ஜன்னல், பீரோ சாவி என்று என்னென்னவோ கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தினாள். நிறுத்தும்போதெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள், மானி ஓடியது. பேசினாலாவது கேட்கலாம், பேசாமல் இருந்து நிமிடத்தை வீணாக்குகிறாளே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. பாதிக்குமேல் அவர் எதையும் காதில் வாங்கவில்லை. எண் குறைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்யம் வந்ததும் பெட்டி தானே நின்றது.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. சாட்சியத்தின் உண்மையைக் குழு ஐயுறவில்லை. ஆயினும் சாட்சியத்தின்போது அவையோர் பதினான்கு இடங்களில் சிரித்ததும், தலைவர் உள்பட எவரும் அறையை விட்டு வெளியேறாததும் பதிவாகியுள்ளன. எனவே குரல் என்பது கேளிக்கையே என்பது நேரடிச் சோதனையிலும் உறுதியாகிறது. ஏழாம் இனம் தொடரலாம்.

ஊர் கொதித்தது. புத்தூர் நால்ரோட்டில் ஒருநாள் முழுக்க வண்டி நகரவில்லை. டீக்கடைகளில் அறிக்கையைக் கிழித்து அடுப்பில் போட்டார்கள். சங்கம் போட்ட மேல்முறையீடு பரிசீலனையில் இருப்பதாக அரசு சொன்னது. முப்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு, சந்தியாகு முகம் கழுவி வந்து உட்கார்ந்திருந்தபோது, பெட்டியில் இருந்த சின்ன விளக்கு அணைந்தது. அவர் பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மேல்முறையீட்டுக்குச் சாட்சியத்தின் நகல் எடுக்க அரசுப் பதிவறைக்குப் போன மெஹருன்னிசாதான் திரும்பி வந்து அவரை எழுப்பி உட்கார வைத்தார். விசாரணைப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் அங்கே போய்க் கேட்கலாமாம். அரசு நடவடிக்கையின் பதிவுக்குக் கேளிக்கை வரி கிடையாதாம், எத்தனை முறை கேட்டாலும் இலவசமாம்.

விலக்குப் பட்டியல் சந்தியாகுவுக்குத் தலைகீழ்ப் பாடம். இது அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே நாற்பது வருடம் விலக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

பதிவறையில் ஒரு தனி மேசை, காதில் மாட்டும் கருவி. பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து வைக்கச் சொன்னார்.

"ஏங்க, சாப்பிட்டாச்சா?"

பிறகு அமைதி. தூரத்தில் ஜனங்களின் சிரிப்பு. சந்தியாகு தன்னை அறியாமல், "ரெண்டு இட்லி," என்றார்.

"அவ்வளவுதானா? சரி. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. அந்தச் சின்ன மாத்திரைய விட்டிருப்பீங்க."

விட்டிருந்தார். சந்தியாகு மேசையைப் பிடித்துக்கொண்டார். அன்று வீணாகப் போயிற்றே என்று அவர் தவித்த ஒவ்வொரு இடைவெளியும் அவர் பதில் சொல்ல விட்ட இடம். அவர் யோசிக்கிற நேரம், இருமுகிற நேரம், பொய்யைத் தயார் செய்கிற நேரம்கூட அதில் சரியாக இருந்தது. பதினேழு நிமிடம் அப்படியே போனது. முப்பதாவது நிமிடத்தின் தொடக்கத்தில் அவள், "இன்னும் ஒரு நிமிஷம் இருக்காம். இது பூரா உங்களுக்கு. என்ன வேணா பேசுங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள். ஒரு நிமிடம் முழுக்க அமைதி. சந்தியாகு அன்று பேசவில்லை, அழுதார். மறுநாள் போய்க் கத்திரிக்காய் விலையைச் சொன்னார். அதற்கு மறுநாள் மாதா கோயில் வேப்பமரம் விழுந்ததைச் சொன்னார்.

விஷயம் பரவாமல் இருக்குமா? குரல் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் சாட்சி சொல்ல மனுப் போட்டார்கள். ஆளுக்கு முப்பது நிமிடம் பதிவில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் இலவசம். அரசாங்கத்துக்குக் கசக்குமா? சாட்சி சொல்ல வருகிறவர்கள் முதலில் வரி கட்டத்தானே வேண்டும். ஏழாவது குழுவை அமைத்தார்கள், உடனே எட்டாவதையும் அறிவித்தார்கள். இருபத்தேழு வருடமாக வரியை மாற்று என்று தட்டி பிடித்த சங்கம், ஆறே மாதத்தில் இன்னும் குழு அமை என்று தட்டி பிடித்தது. மந்திரியே வந்து வாழ்த்திப் பேசினார். இனத்தை நீக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஒருவர் தவிர. ஒருநாள் காலை பதிவறைக்குப் போன சந்தியாகு, எதிர்ச்சாரியில் மெஹருன்னிசா தனியாகப் பழைய தட்டியைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்தார். சங்கத்தை விட்டு விலகிவிட்டதாக அந்த அம்மாள் சொன்னார்.

"எல்லாருக்கும் ஒரு வழி கிடைச்சிருச்சு, சந்தோஷம்தான் சார்," என்றார். "அழிச்சுட்ட புள்ளைய எந்தக் குழுவுல கொண்டுபோய் நிறுத்துவேன்? இனி சாகப்போற புள்ளைங்களுக்கும் இதே வரிதானே?"

சந்தியாகு உள்ளே போனார். இட்லி, மாத்திரை, ஜன்னல், சாவி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசி நிமிடம் வந்தது.

"பிலோ, வெளிய அந்தம்மா தனியா நிக்கறாங்க," என்றார். "உன்னைச் சாட்சி சொல்ல வச்சிட்டு நான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். பென்ஷனுக்குப் பயந்துதான். இப்பவும் பயமாத்தான் இருக்கு. இன்னைக்கு மிச்ச நிமிஷத்த நான் கேக்கல, போறேன்."

காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். பதிவறைப் பெண்ணிடம் ஒரு அட்டையும் கறுப்பு மையும் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினார். ஏழாம் இனத்தை எழுதியவன் நான், ஒன்றரை மணி நேரத்தில் எழுதினேன், அது தப்பு. கீழே முழுப் பெயரையும் பழைய பதவியையும் ஓய்வூதிய எண்ணையும் போட்டார்.

சாலையைக் கடந்து மெஹருன்னிசாவின் பக்கத்தில் போய், அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து படித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.